ஜி.ஆர்.இ. சொற்கள்: பட்டியலா, அட்டையா, வேர்ச்சொல்லா, வாசிப்பா?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதி பெரிய கவலை தருவதில்லை. பள்ளிக் கணிதத்தைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. தடுமாற்றம் எல்லாம் ஆங்கிலச் சொல்லறிவையும் வாசிப்பையும் சோதிக்கும் வெர்பல் பகுதியில்தான். அதுவும் படிக்க உட்காருவதற்கு முன்பே, எப்படிப் படிப்பது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்கிறார் ஒருவர். செல்பேசிச் செயலி போதும் என்கிறார் இன்னொருவர். வேர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டால் ஆயிரம் சொல் தானாக வரும் என்கிறது பயிற்சி மையத்தின் துண்டறிக்கை. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் படி என்பது அப்பாக்களின் அறிவுரை. நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப்பார்த்து, ஒன்றையும் முடிக்காமல், அக்டோபரில் வந்து "இனி என்ன செய்வது?" என்று கேட்பவர்களே அதிகம். அவர்களுக்காகவும், அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேராதவர்களுக்காகவும் இந்த ஒப்பீடு.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை சொல் படித்தோம் என்ற கணக்கை வைத்து எந்த முறையையும் எடைபோட மாட்டேன். ஒரே சொல்லை எத்தனை முறை, எத்தனை விதமான வாக்கியங்களில் சந்திக்க வைக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். அதற்கான காரணம் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது.

## தேர்வு எதைக் கேட்கிறது

2023 செப்டம்பரில் ஜி.ஆர்.இ. சுருக்கப்பட்டது. முன்பு மூன்றே முக்கால் மணி நேரம் ஓடிய தேர்வு இப்போது 1 மணி 58 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வெர்பல் பகுதியில் மொத்தம் 27 வினாக்கள். முதல் பிரிவில் 18 நிமிடத்துக்கு 12, இரண்டாம் பிரிவில் 23 நிமிடத்துக்கு 15. ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் 130 முதல் 170 வரை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. முதல் பிரிவை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பிரிவு எளிதாகவோ கடினமாகவோ வரும்.

இந்த 27-இல் ஏறத்தாழப் பாதி, பத்தியைப் படித்து விடை தேடும் வினாக்கள். மீதியுள்ள பதின்மூன்று, பதினான்கு வினாக்களில்தான் சொல்லறிவு நேரடியாகச் சோதிக்கப்படுகிறது. அவை இரண்டு வகை. ஒன்று, கோடிட்ட இடங்களை நிரப்புவது. ஒரு வினாவில் மூன்று இடங்கள் வரை இருக்கும். மூன்றில் இரண்டு சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண் என்ற பேச்சே இல்லை. இன்னொன்று, ஒரே கோடிட்ட இடத்துக்கு ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுப்பது. எதைப் பொருத்தினாலும் வாக்கியம் ஒரே பொருளைத் தர வேண்டும். இந்த ஆறுக்குள் வாக்கியத்துக்குப் பொருந்தாத வேறொரு ஒத்தபொருள் இணையையும் வினா எழுதுபவர் ஒளித்துவைப்பதுண்டு. சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் அந்த இணையைக் கண்டதும் வாக்கியத்தைப் படிக்காமலே பாய்ந்துவிடுவார்.

2011 ஆகஸ்ட் வரை தேர்வு இப்படி இல்லை. வாக்கியம் எதுவும் தராமல் ஒரு சொல்லை நீட்டி எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களும், சொல்லுக்குச் சொல் உறவு கேட்கும் ஒப்புமை வினாக்களும் இருந்தன. 3,500 சொல் பட்டியல்கள் அந்தக் காலத்துத் தேவைக்குப் பிறந்தவை. தேர்வு மாறி இத்தனை ஆண்டுகள் கழிந்தும், விடுதி அறைகளில் அதே பட்டியலின் நகல் சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

## முறையைத் தேடும் முன் தவறுகளைப் பிரியுங்கள்

தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அதில் ஒன்றை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் எழுதிப் பாருங்கள். பிறகு, சொல் சார்ந்த வினாக்களில் செய்த தவறுகளை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், சொல்லே தெரியாமல் விட்டது. இரண்டாவது, சொல் தெரியும், ஆனால் அந்த இடத்தில் அது வேறு பொருளில் நின்றதால் ஏமாந்தது. மூன்றாவது, எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிபடாமல் போனது. 'ஆல்தோ' என்று தொடங்கும் வாக்கியத்தின் இரண்டாம் பாதி முதல் பாதிக்கு எதிராகத்தான் போகும் என்பதை அவசரத்தில் கோட்டைவிடுவது இந்த மூன்றாவது வகை.

மூன்றாவது குவியல் பெரிதாக இருப்பவருக்கு எந்தச் சொற்பட்டியலும் உதவாது. ஆனால் சொல் குறைவுதான் தன் நோய் என்று நம்பிக்கொண்டு, இன்னும் ஐந்நூறு சொல் சேர்த்தால் தீரும் என்று போகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

## அளவுகோல்கள்

கீழே வரும் ஐந்து வழிகளையும் இந்த வரிசையில் பார்க்கிறேன்: எவ்வளவு காலம் பிடிக்கும், கற்றது தேர்வு நாள்வரை நிற்குமா, வாக்கியத்துக்குள் அந்தச் சொல்லைக் கையாளத் தெரிந்திருக்குமா, கையிலிருந்து போகும் பணம், வெளியே தெரியாத செலவு. கடைசியில் சொன்னதுதான் பலரைக் கவிழ்க்கிறது.

## 1. அச்சுப் பட்டியலை மனப்பாடம் செய்தல்

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. பி.டி.எஃப். எங்கும் கிடைக்கிறது. நாளொன்றுக்கு 40 சொல் என்று வைத்தால் 3,500 சொற்களை முடிக்க மூன்று மாதம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, மறதியை அதில் சேர்க்காதவரை.

அகரவரிசை இதன் முதல் குறை. 'அப்ஜூர்', 'அப்ரோகேட்', 'அப்ஸ்கான்ட்', 'அப்ஸ்டீமியஸ்' என்று ஒரே முகமுடைய சொற்கள் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒவ்வொரு முறை விட்டுவிட்டுத் தொடங்கும்போதும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவது மனித இயல்பு. அதனால் பட்டியலைத் தொட்ட எல்லோருக்கும் 'அபேட்' தெரிந்திருக்கிறது. 'ஜீலட்' வரை போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வரிசை இன்னொரு ஏமாற்றையும் செய்கிறது. முந்தைய சொல்லைப் பார்த்ததும் அடுத்ததன் பொருள் நினைவுக்கு வரும். தேர்வில் அந்த முந்தைய சொல் பக்கத்தில் இருக்காது.

சிறிய பட்டியல் வேறு சங்கதி. அடிக்கடி வருபவை என்று தேர்ந்தெடுத்த 300 முதல் 1,000 வரையிலான சொற்கள் போதுமான தொடக்கம். முதல் பிரிவில் நன்றாகச் செய்தால்தான் கடினமான இரண்டாம் பிரிவும் அதற்குரிய உயர் மதிப்பெண்ணும் வரும் என்பதால், நடுத்தரக் கடினமுள்ள சொற்களை உறுதியாகத் தெரிந்திருப்பது அபூர்வமான சொற்களை அரைகுறையாகத் தெரிந்திருப்பதைவிட மேல். பட்டியலை எதைப் படிப்பது என்று முடிவுசெய்யப் பயன்படுத்துங்கள். எப்படிப் படிப்பது என்பதை அதனிடம் விடாதீர்கள்.

## 2. ஃபிளாஷ் கார்டும் இடைவெளி விட்டுத் திருப்புதலும்

ஒரு பக்கம் சொல்லையும் மறுபக்கம் பொருளையும் எழுதிய அட்டைதான் ஃபிளாஷ் கார்டு. கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி அளந்து 1885-இல் வெளியிட்டார். மறக்கப்போகும் நேரத்தில் மீண்டும் நினைவுகூர்ந்தால் அடுத்த மறதி தள்ளிப்போகிறது என்பதே அட்டை முறையின் அடிப்படை. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் இதற்கு ஓர் எளிய பெட்டி அமைப்பைச் சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். அந்த அறையை இன்னும் அதிக நாள் இடைவெளியில் திறப்போம். தவறாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். இன்றைய செயலிகள் இதே வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கின்றன. ஆன்கி என்ற செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டு செல்பேசியிலும் இலவசம். ஐபோனில் மட்டும் கட்டணம் உண்டு.

நினைவில் நிற்பது என்ற அளவுகோலில் இதற்கு இணை இல்லை. 1,000 சொல், நாளொன்றுக்கு 20 புதியவை என்றால் 50 நாளில் எல்லாச் சொல்லும் உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த 20-ஐ மட்டும் பார்த்து நேரம் ஒதுக்குபவர்கள் மூன்றாவது வாரத்தில் திணறுகிறார்கள். பழைய அட்டைகள் திரும்பி வரத் தொடங்கும்போது, ஒரு நாளில் பார்க்க வேண்டியவை 100-ஐத் தாண்டி 150-ஐ நெருங்குவது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் எட்டு, பத்து வினாடி என்றாலும் புதியவற்றையும் சேர்த்து தினம் அரை மணி நேரம் போய்விடும். கல்லூரி விழா, செமஸ்டர் தேர்வு என்று ஐந்து நாள் விட்டால் ஐந்நூறுக்கு மேல் அட்டைகள் காத்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்து செயலியையே நீக்கிவிடுபவர்கள் உண்டு. செமஸ்டர் தேர்வு வரும் மாதத்தில் புதிய சொற்களை நிறுத்திவிட்டு, திருப்புதலை மட்டும் விடாமல் வைத்திருப்பதே இதற்கு மருந்து.

இன்னொரு செலவு நுட்பமானது. சில வாரங்களுக்குப் பிறகு அட்டை மனப்பாடமாகிறது, சொல் ஆவதில்லை. எழுத்துரு, அட்டையில் அது இருக்கும் இடம், பக்கத்தில் உள்ள படம் என்று மூளை வேறு எதையோ பிடித்துக்கொண்டு விடை சொல்கிறது. அதே சொல் ஒரு கட்டுரையில் எதிர்ப்பட்டால் 'எங்கேயோ பார்த்திருக்கிறேன்' என்ற அளவில் நின்றுவிடும். முன்பக்கத்தில் தனிச் சொல்லுக்குப் பதிலாகக் கோடிட்ட இடமுள்ள வாக்கியத்தையும், பின்பக்கத்தில் சொல்லையும் எழுதினால் இது பெரிதும் குறையும். தேர்வு கேட்பதும் அதைத்தானே.

ஆயத்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்வதா, சொந்தமாக எழுதுவதா? ஆயத்தத் தொகுப்பு நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளோடு நின்றுவிடும், சிலவற்றில் பிழையும் இருக்கும். சொந்தமாக எழுதினால் ஒரு சொல்லுக்கு மூன்று, நான்கு நிமிடம் பிடிக்கும். 1,000 சொல்லுக்கு அது ஐம்பது மணி நேரத்துக்கு மேல். ஆயத்தத் தொகுப்பில் தொடங்கி, மூன்று முறை தவறும் சொல்லுக்கு மட்டும் சொந்த அட்டை எழுதுவது என் பரிந்துரை.

## 3. வேர்ச்சொல் வழி

'லோக்' என்றால் பேச்சு என்று தெரிந்தவருக்கு 'லொக்வேஷஸ்', 'எலக்வென்ட்', 'கொலோக்வியல்', 'சர்கம்லொக்யூஷன்' எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும். 'பெனி' நன்மை, 'மல்' தீமை. சுகந்தத்தில் 'சு'வும் துர்நாற்றத்தில் 'துர்'ரும் செய்கிற வேலைதான். 'ப்ரொக்ராஸ்டினேட்' என்பதற்குள் நாளை என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறவரை அது சரியாகப் பிடித்துவிடுகிறது. இந்த வழியில் கிடைக்கும் மகிழ்ச்சி உண்மையானது. சலிப்பில்லாமல் படிக்க வைக்கும் ஒரே முறை என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் வினா எழுதுபவர்களுக்கு இந்த மகிழ்ச்சி நன்றாகத் தெரியும். 'எனர்வேட்' என்ற சொல்லில் ஆற்றலைத் தேடுபவர் ஏமாறுவார். அதன் பொருள் வலுவிழக்கச் செய்வது. 'நாய்சம்' என்பதற்கும் இரைச்சலுக்கும் தொடர்பில்லை. அது அருவருப்பான நாற்றம். 'ரெஸ்டிவ்' என்றால் ஓய்வு கிடையாது, கட்டுக்கடங்காமல் துடிப்பது. 'மெரிட்ரிஷஸ்' தகுதியைப் புகழ்வதுபோல் ஒலித்து, போலிப் பகட்டைக் குறிக்கிறது. 'பெட்' என்பது லத்தீன் வழி வந்தால் கால், கிரேக்க வழி வந்தால் குழந்தை. இப்படிப்பட்ட சொற்களே விடைகளின் நடுவே பொறியாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு பெரிய ஓட்டை, வேர் காட்டிக் கற்க முடியாத சொற்கள். 'மாட்லின்', 'க்விக்ஸாடிக்' போன்றவை ஆட்பெயரிலிருந்தும் கதைமாந்தர் பெயரிலிருந்தும் வந்தவை. 'வான்', 'ப்ரூக்' போன்ற குட்டைச் சொற்களைப் பிரித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. ஐம்பது, அறுபது வேர்களையும் முன்னொட்டுகளையும் ஒரு வாரத்தில் படித்து முடித்துவிட்டு, பிறகு புதிய சொல் வரும்போது நினைவுக் கொக்கியாக மட்டும் பயன்படுத்துவது நல்லது. வேர்ச்சொல்லுக்கென்றே இரண்டு மாத வகுப்பு என்பது, ஜி.ஆர்.இ.யை மட்டும் நோக்கினால், வீண். மருத்துவமோ உயிரியலோ படிக்கப் போகிறவருக்கு மட்டும் கணக்கு மாறும். அங்கே கலைச்சொற்கள் முழுவதும் கிரேக்க, லத்தீன் வேர்களில் நிற்பதால் படித்தது வாழ்நாள் முழுக்கப் பயன்படும்.

## 4. வாசிப்பு

எல்லோரும் உயர்வாகச் சொல்லும் வழி இது. நானும் சொல்கிறேன், ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகு.

நாளொன்றுக்கு 2,000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரை என்றால் மூன்று மாதத்தில் 1,80,000 சொற்கள். 'ஆப்டுரேட்' போன்ற சொல் பொதுவான ஆங்கில உரைநடையில் பத்து லட்சம் சொற்களுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். ஆகவே மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் படித்தவருக்கும் அது கண்ணில் படாமலே போக வாய்ப்புண்டு, பட்டாலும் ஒருமுறைதான். ஒருமுறை சந்தித்தது நிற்காது. சிறுவயதிலிருந்து ஆங்கிலத்தில் வாசித்து வளர்ந்தவர் இந்தத் தேர்வை எளிதாக எழுதுவது உண்மைதான். அவர் பதினைந்து ஆண்டுகளில் சேர்த்ததை நாம் மூன்று மாதத்தில் வாசித்தே சேர்த்துவிட முடியாது என்பதும் உண்மை.

அப்படியானால் வாசிப்பு எதற்கு? மேலே சொன்ன மூன்றாவது குவியலுக்கு. நீண்ட வாக்கியத்தில் எழுவாயையும் பயனிலையையும் தொலைக்காமல் பிடித்துக்கொண்டு போவது, ஆசிரியர் ஒரு கருத்தை எடுத்துச் சொல்கிறாரா, மறுப்பதற்காகச் சொல்கிறாரா என்று உணர்வது, இதெல்லாம் வேறு எந்த வழியிலும் வராது. வினாக்களில் பாதி பத்தி வாசிப்பு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பட்டியலோடு மட்டும் மல்லுக்கட்டுபவர் பாதித் தேர்வைக் கைவிட்டவர் ஆகிறார். அட்டையில் படித்த சொற்களை உயிரோடு சந்திக்கும் இடமும் இதுதான். அப்படிச் சந்தித்த சொல் பிறகு மறப்பதே இல்லை.

எதைப் படிப்பது என்பதில் எனக்குப் பொது அறிவுரையோடு சண்டை உண்டு. நாளிதழ்த் தலையங்கம் கெட்டதல்ல. ஆனால் அது அன்றைய அரசியலையே சுற்றிவரும். சொற்களும் நடையும் ஒரு வட்டத்துக்குள் நிற்கும். ஜி.ஆர்.இ. பத்திகள் உயிரியல், வரலாறு, கலை விமர்சனம், சமூக அறிவியல் என்று அலைகின்றன. ஆய்வாளர் ஒருவர் இன்னொரு ஆய்வாளரை மறுக்கும் நடை அவற்றில் மிகுதி. 'ஈயான்' இணைய இதழின் கட்டுரைகள் இலவசம், நடையும் பொருத்தம். 'சயின்டிஃபிக் அமெரிக்கன்', 'நியூ யார்க்கர்' ஆகியவற்றில் கட்டணத் தடுப்பு உண்டு. கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நூல் விமர்சனங்கள் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். பாராட்டியபடியே குறை சொல்லும் வாக்கியங்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கோடிட்ட இட வினாக்களும் அந்த வளைவுகளை மிகவும் விரும்புகின்றன.

இதன் மறைசெலவு அகராதி. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்திப் பார்த்தால் ஒரு கட்டுரைக்கு இரண்டு மணி நேரம் ஆகும், வாசிப்பும் செத்துவிடும். முதல் முறை நிறுத்தாமல் படியுங்கள். இரண்டாம் முறை, உங்கள் சிறு பட்டியலிலும் உள்ள சொல்லை மட்டும் பிடியுங்கள்.

## 5. பயிற்சி வகுப்பு

சில ஆயிரத்திலிருந்து பல பத்தாயிரம் ரூபாய் வரை போகிறது. சொற்களைப் பொறுத்தவரை பெரும்பாலான வகுப்புகள் செய்வது ஒரு பட்டியலைக் கொடுத்து வாரந்தோறும் தேர்வு வைப்பதுதான். தானாக உட்கார்ந்து படிக்க முடியாதவருக்கு அந்த வாரத் தேர்வு பெறுமதியுள்ளது, மற்றவர்களுக்கு இல்லை. போக்குவரத்து நேரத்தையும் செலவில் சேருங்கள். மாலை நெரிசலில் போய்வரும் ஒன்றரை மணி நேரத்தில் அன்றைய அட்டைகளையும் முடித்து ஒரு கட்டுரையையும் படித்திருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | நினைவில் நிற்பது | வாக்கியத்தில் பயன் | பணம் | மறைசெலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|---|---|
| பெரிய பட்டியல் | 3 மாதத்துக்கு மேல் | குறைவு | மிகக் குறைவு | இல்லை | பாதியில் நிற்கும் சலிப்பு | பரிந்துரைக்க மாட்டேன் |
| சிறு பட்டியல் + அட்டை | 2 முதல் 3 மாதம், தினம் அரை மணி | அதிகம் | அட்டையின் அமைப்பைப் பொறுத்தது | ஐபோனில் மட்டும் | சேர்ந்துபோகும் திருப்புதல் சுமை | பெரும்பாலோர் |
| வேர்ச்சொல் | 1 வாரம் போதும் | நடுத்தரம் | குறைவு | இல்லை | போலி ஒற்றுமையில் ஏமாறுதல் | துணைக்கு. மருத்துவம், உயிரியல் செல்வோர் |
| வாசிப்பு | 6 மாதமும் அதற்கு மேலும் | அட்டையில் கற்றுப் பிறகு சந்தித்த சொல்லுக்கு மிக அதிகம் | மிக அதிகம் | குறைவு | அகராதியில் கரையும் நேரம் | நீண்ட அவகாசம் உள்ளவர், பத்தி வினாவில் தவறுபவர் |
| வகுப்பு | 2 முதல் 3 மாதம் | வாரத் தேர்வைப் பொறுத்தது | நடுத்தரம் | அதிகம் | போக்குவரத்து | தனியே படிக்க இயலாதவர் |

## பட்டியல்கள் தராத இரண்டு

இரண்டாவது குவியல் நினைவிருக்கிறதா? தெரிந்த சொல் தெரியாத பொருளில் வருவது. 'ஃப்ளாக்' என்றால் கொடி என்று எல்லோருக்கும் தெரியும். தேர்வில் அது சோர்ந்துபோவதைக் குறிக்கும். 'ஹஸ்பண்ட்' வினைச்சொல்லாக வந்தால் சிக்கனமாகக் காத்துச் செலவிடுவது. 'குவாலிஃபை' சொன்ன கருத்துக்கு வரம்பிடுவது. 'பெடஸ்ட்ரியன்' சுவையற்ற, சாதாரணமான எழுத்துக்கு அடைமொழி. 'சாங்ஷன்' ஒரு வாக்கியத்தில் அனுமதியாகவும் இன்னொன்றில் தண்டனையாகவும் இருக்கும். எளிய சொற்கள் என்பதால் பல பட்டியல்கள் இவற்றைச் சேர்ப்பதே இல்லை. மாதிரித் தேர்வில் ஏமாந்த இடங்களிலிருந்து நீங்களே ஒரு பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும். ஐம்பது சொல் சேர்ந்தாலே போதும்.

அடுத்தது தொகுதி. அகராதி வருமுன் தமிழில் சொல் கற்றவர்கள் நிகண்டைப் பாடமாக ஓதினார்கள். நிகண்டு சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தது. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்குத் தனித் தொகுதியே வைத்தது. இந்தத் தேர்வின் இரண்டு சிக்கல்களையும் அந்த அமைப்பு அப்படியே தொடுகிறது. ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வினாவுக்கு, பேச்சுக் குறைந்தவர், வாயாடி, பிடிவாதக்காரர், தணிப்பது, விளங்காதது என்று சொற்களைக் கூட்டம் கூட்டமாக வைத்திருப்பவரே வேகமாக விடை காண்பார்.

ஆனால் எப்போது கூட்டுவது என்பதில் கவனம் வேண்டும். ஒத்த பொருளுள்ள புதிய சொற்களை முதன்முதலாக ஒன்றாகக் கற்றால் அவை ஒன்றோடொன்று குழம்பும் என்பதை மொழி கற்றல் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'லக்கானிக்', 'டாசிடர்ன்', 'ரெட்டிசென்ட்' மூன்றையும் ஒரே நாளில் படித்தால் மூன்றுமே 'குறைவாகப் பேசுபவர்' என்று மங்கிவிடும். முதலில் தனித்தனியே, கலந்து கற்றுக்கொண்டு, ஓரளவு பிடிபட்ட பிறகு ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். அப்போதுதான் முதலாமவர் சுருங்கச் சொல்பவர், இரண்டாமவர் இயல்பிலேயே பேசாதவர், மூன்றாமவர் மனத்தில் உள்ளதை வெளியே விடாதவர் என்ற வேறுபாடு கூர்மையாகும்.

அட்டையில் பொருளைத் தமிழில் எழுதலாமா என்று தயங்குபவர்களுக்கு: தாராளமாக எழுதுங்கள். 'ஆப்சீக்வியஸ்' என்பதற்கு ஆங்கில அகராதி தரும் இரண்டு வரி விளக்கத்தைவிடக் 'கூழைக்கும்பிடு போடுகிற' என்ற இரண்டே சொல் வேகமாகவும் அதன் இளக்காரத்தோடும் மனத்தில் விழும். எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ் வழியில் படித்ததைக் குறையாக நினைத்துக்கொண்டு, புரியாத ஆங்கில விளக்கத்தைப் புரியாத சொல்லுக்குப் பொருளாக மனப்பாடம் செய்வதில் எந்தக் கௌரவமும் இல்லை.

## உங்கள் நிலை எது?

ஆறு மாதமோ அதற்கு மேலோ இருக்கிறது. வாசிப்பை முதலில் வையுங்கள். அட்டையை நாளொன்றுக்குப் பத்துப் புதிய சொல் என்ற மெதுவான வேகத்தில் ஓட்டினாலே 1,000 சொற்கள் முடிந்து, திருப்பவும் காலம் மிஞ்சும்.

இரண்டு, மூன்று மாதம். சிறு பட்டியலும் அட்டையும் முதுகெலும்பு. வேருக்கு முதல் வாரம். வாசிப்பு வாரத்துக்கு மூன்று கட்டுரை. கடைசி மூன்று வாரம் புதிய சொல் வேண்டாம். தொகுதி பிரித்து நிறுத்துவதும் இ.டி.எஸ். வெளியிட்ட பழைய வினாக்களும் மட்டும்.

நான்கு வாரத்துக்கும் குறைவு. 300 சொல் பட்டியலைத் தாண்டாதீர்கள். மீதி நேரத்தை வாக்கியத்தின் திருப்பங்களைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குக் கொடுங்கள். மூன்றாவது குவியலைக் குறைப்பதே குறுகிய காலத்தில் அதிக மதிப்பெண் தரும். தெரியாத வினாவையும் காலியாக விடாதீர்கள்.

வேலைக்குப் போகிறவர். பயண நேரத்துக்கு அட்டை, ஞாயிற்றுக்கிழமைக்கு வாசிப்பு. வகுப்பு உங்களுக்கானதல்ல.

விண்ணப்பிக்கும் துறைகள் ஜி.ஆர்.இ. கேட்கவே இல்லை. இதைப் பார்க்காமலே தயாரிப்பில் இறங்குபவர்கள் வியப்பூட்டும் அளவுக்கு இருக்கிறார்கள். 2020-க்குப் பிறகு பல துறைகள் இந்த மதிப்பெண்ணை விருப்பத்துக்கு விட்டுவிட்டன, சில வாங்குவதே இல்லை. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் போய்ப் பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்திலேயே துறைக்குத் துறை மாறும். தேர்வுக் கட்டணம் மட்டுமே 20,000 ரூபாய்க்கு மேல். தேவையில்லை என்றால் அந்த மூன்று மாதத்தை, ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதும் நோக்க அறிக்கைக்கும் ஒரு நல்ல புராஜெக்டுக்கும் கொடுக்கலாம்.

தேவை என்றால் நாட்காட்டியை எடுத்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கடைசித் தேதி வரும் டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதிகாரபூர்வ மதிப்பெண் வர எட்டு முதல் பத்து நாள். மறுமுறை எழுத வேண்டியிருந்தால் இரண்டு தேர்வுகளுக்கும் இடையே 21 நாள் கட்டாய இடைவெளி. 12 மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முதல் தேர்வை அக்டோபர் தொடக்கத்துக்குள் வைத்துக்கொண்டால், தவறிய சொற்களுக்கு அட்டை எழுதி அவற்றை ஒரு சுற்றுத் திருப்பவும் இடம் இருக்கும்.